‘அது… அந்த சாமான்…’: பக்கவாதத்துக்குப் பின் நாவுக்கு வராத சொற்கள்

பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய தாத்தா, வரவேற்பறையில் உட்கார்ந்தபடி கையை மேலே காட்டுகிறார். “அத… அந்த… சுத்துமே… அத போடு” என்கிறார். வீட்டில் உள்ளவர்கள் விளக்கைப் போடுகிறார்கள். தலையை ஆட்டுகிறார். தொலைக்காட்சியைப் போடுகிறார்கள். மறுபடியும் தலையாட்டல், இம்முறை கோபத்துடன். கடைசியில் பேரன் காத்தாடியைத் தட்டிவிட்டதும் அவர் முகம் தெளிகிறது.

பக்கவாதம் ஏற்பட்ட குடும்பங்கள் பலவற்றில் இதுபோன்ற காட்சி அன்றாடம் நடக்கிறது. அதைப் பார்ப்பவர்கள், “தாத்தாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு” என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. உண்மையில் தாத்தாவுக்கு அந்தப் பொருள் மேலே இருப்பது தெரியும். அது சுற்றும் என்பதும், போட்டால் காற்று வரும் என்பதும் தெரியும். ‘காத்தாடி’ என்ற பெயர் மட்டும் நாவுக்கு வரவில்லை.

மருத்துவத்தில் இதற்கு ‘அனோமியா’ என்று பெயர். தமிழில் சொல் தேடல் சிரமம் எனலாம். அஃபேசியா எனப்படும் மொழித்திறன் பாதிப்பின் எல்லா வகைகளிலும் ஏதோ ஓர் அளவில் காணப்படும் அறிகுறி இது. மற்ற சிரமங்கள் குறைந்த பிறகும் பலரிடம் இது நீடிக்கிறது.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் பாதிக்கப்பட்டவர் மெல்ல மெல்ல உரையாடலிலிருந்து விலக்கப்படுவார். கேள்விகள் அவரைத் தாண்டி மகளிடமோ மருமகனிடமோ போகும். சொல் எந்த இடத்தில் தடைபடுகிறது, எந்த மொழியில் தடைபடுகிறது என்று கண்டறிவது அதனால்தான் முக்கியம்.

அஃபேசியா என்றால் என்ன?

பெரும்பாலானோருக்கு மொழிக்குரிய பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் உள்ளன. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டாலோ ரத்தக்கசிவு ஏற்பட்டாலோ பேசுதல், புரிந்துகொள்ளுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் வெவ்வேறு அளவில் பாதிக்கப்படலாம். பக்கவாதம் ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அஃபேசியா ஏற்படுவதாகக் கணிக்கப்படுகிறது. தலைக்காயம், மூளைக் கட்டி, மூளைத் தொற்று ஆகியவற்றாலும் அது வரலாம்.

இதுபற்றிய மருத்துவ அறிவு 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861ல் ‘டான்’ என்ற ஓர் ஒலியை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லி வந்த லெபோர்ஞ் என்ற நோயாளியைப் பரிசோதித்தார். மற்றவர்கள் சொல்வதை அந்நோயாளி பெருமளவில் புரிந்துகொண்டார். அவர் இறந்தபின், மூளையின் இட முன்பகுதியில் சேதம் இருப்பது தெரியவந்தது. சரளமாகப் பேசினாலும் பேச்சில் பொருள் இல்லாத, பிறர் பேச்சும் புரியாத வேறொரு வகையை ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874ல் விளக்கினார்.

அஃபேசியாவை வேறு சில சிரமங்களோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. வாய், நாக்குத் தசைகள் பலவீனமானால் பேச்சு குழறும். ஆனால் சொற்கள் சரியாக இருக்கும். தசைகளில் வலு இருந்தும், ஒலிகளுக்கேற்ப அவற்றை அசைக்க மூளை திட்டமிட முடியாமல் போவது இன்னொரு சிரமம். ஒருவருக்கே இவை மூன்றும் சேர்ந்து வருவதும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்தறிவது பேச்சு, மொழி சிகிச்சை நிபுணரின் முதல் வேலை.

ஒரு குடை, மூன்று தவறுகள்

இயல்பாகப் பேசும் ஒருவர் வினாடிக்கு இரண்டு மூன்று சொற்களைச் சொல்லிவிடுகிறார். அதற்குள் மூளை பல படிகளைக் கடக்கிறது. சொல்ல வேண்டிய பொருளை நினைப்பது, அதற்குரிய சொல்லைத் தேர்வது, அச்சொல்லின் ஒலிகளை வரிசைப்படுத்துவது, பிறகு வாயை அசைப்பது.

பொருளும் ஒலியும் தனித்தனியே கைக்கு வருபவை என்பதை எல்லாரும் அனுபவத்தில் அறிவார்கள். தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், முகம் கண்முன் வரும், பெயர் வராது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் 1966ல் இதை ஆராய்ந்தனர். அரிய சொற்களின் விளக்கத்தைக் கேட்டு, சொல்லைச் சொல்ல முடியாமல் தவித்தவர்களில் பலரால் அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் ஓரளவு சரியாகச் சொல்ல முடிந்தது. அஃபேசியா உள்ளவருக்கு அந்தத் தவிப்பு நாள் முழுவதும், சாதாரணச் சொற்களுக்கும் நேர்கிறது.

எந்தப் படியில் தடை என்பதைத் தவறுகளே காட்டிக்கொடுக்கின்றன. ஒரு குடையின் படத்தை மூவரிடம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர், “மழை… மழைக்குப் பிடிப்போம்ல, அது” என்கிறார். பொருள் அவருக்குத் தெளிவாக இருக்கிறது. ‘கு…’ என்று முதல் ஒலியை எடுத்துக் கொடுத்ததும் ‘குடை’ என்று சொல்லிவிடுகிறார். சொல் இருக்கிறது, அதை எட்டுவதில்தான் சிரமம்.

இரண்டாமவர், ‘தொப்பி’ என்கிறார். நான்கு படங்களை வைத்துக் குடையைக் காட்டச் சொன்னால் மழைச் சட்டையைத் தொடுகிறார். நெருங்கிய பொருள்களுக்கு இடையிலான வேறுபாடே அவருக்கு மங்கியிருக்கலாம். ‘கு…’ என்று எடுத்துக் கொடுப்பது அவருக்கு அவ்வளவாக உதவாது.

மூன்றாமவர், “குதை… குடி… குடே…” என்று தடுமாறித் தடுமாறித் தம்மைத் தாமே திருத்திக்கொள்கிறார். சரியான படத்தைத் தவறாமல் தொடுகிறார். பொருளும் சொல்லும் கிடைத்துவிட்டன. ஒலிகளைக் கோக்கும் இடத்தில் சிக்கல். இத்தகையோர் பலருக்கு நீளமான சொற்கள் கூடுதல் சிரமம் தரும்.

மூவருமே ‘குடை’ என்று உடனே சொல்லவில்லை. மதிப்பெண் தாளில் மூவருக்கும் பூஜ்யம் விழலாம். ஆனால் மூவருக்கும் தேவைப்படும் சிகிச்சை வேறு. அதனால்தான் நல்ல மதிப்பீட்டில் சரி, தவறு என்ற குறியோடு நிற்காமல், நோயாளி சொன்னது என்ன, எவ்வளவு நேரம் பிடித்தது, எந்தக் குறிப்பு உதவியது என்பவையும் எழுதப்படுகின்றன.

ஒரே படத்தை வைத்து முடிவெடுக்கவும் முடியாது. அடிக்கடி புழங்கும் சொற்களா, அரியவையா, பெயர்ச்சொற்களா, வினைச்சொற்களா என்று பலவற்றைச் சோதித்தால்தான் ஒரு போக்கு தெரியும். தமிழில் காலமும் எண்ணும் இடமும் வினைச்சொல்லின் ஈற்றில் அமைகின்றன. வினை வராவிட்டால் வாக்கியமே பாதியில் நின்றுவிடும்.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

முதலில், மொழிக்கு வெளியே உள்ள தடைகள் கவனிக்கப்படுகின்றன. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா, வலப்பக்கப் பார்வை குறைந்துள்ளதா, களைத்திருக்கிறாரா, மனச்சோர்வு உள்ளதா என்று பார்க்க வேண்டும். படத்தின் வலப்பாதி கண்ணுக்குத் தெரியாதவர் தவறான பெயரைச் சொன்னால் அது சொல் தேடல் சிரமமாகாது.

பிறகு உரையாடல். குடும்பம், வேலை, சமையல் என்று பழகிய ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். படங்களுக்குப் பெயர் சொல்வதில் நன்றாகச் செய்பவர் உரையாடலில் ‘அது, இது’ என்றே ஒப்பேற்றக்கூடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

அடுத்தது பெயர் சொல்லும் சோதனை. உலகெங்கும் பெரிதும் பயன்படும் பாஸ்டன் பெயரிடல் சோதனையில் 60 கோட்டுப்படங்கள் உள்ளன. கட்டிலில் தொடங்கி மணிச்சட்டத்தில் முடியும் அவை, எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும். பதில் வராவிட்டால் முதல் ஒலி எடுத்துக் கொடுக்கப்படும்.

சொல்லே தேவைப்படாத சோதனையும் உண்டு. டேவிட் ஹாவர்ட், கேரலின் பேட்டர்சன் இருவரும் 1992ல் வெளியிட்ட ‘பிரமிடுகளும் பனைமரங்களும்’ சோதனையில், பிரமிடு படத்தைக் காட்டி அதனோடு சேர்வது பனைவகை மரமா, ஊசியிலை மரமா என்று கேட்பார்கள். நோயாளி விரலால் காட்டினால் போதும். இதில் நன்றாகச் செய்பவருக்குப் பொருளறிவு உறுதியாக உள்ளது, தடை அதற்குப் பிந்திய படியில் என்று ஊகிக்கலாம்.

இவற்றோடு, சொன்னதைத் திருப்பிச் சொல்வது, உரக்க வாசிப்பது, எழுதுவது, ஒரு நிமிடத்தில் முடிந்தவரை விலங்குகளின் பெயர்களைச் சொல்வது ஆகியவையும் சோதிக்கப்படுகின்றன. வாயால் சொல்ல முடியாத சொல்லைச் சிலர் எழுதிக் காட்டிவிடுவார்கள். அது தெரிந்தால் மறுநாளே வீட்டில் தாளும் பேனாவும் பயன்படும்.

எந்த மொழியில் சோதிப்பது?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே ஆகப் பெரிய கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடு. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலும், பாட்டி தாத்தா தமிழிலும், அக்கம்பக்கத்தில் மலாயிலும் பேசும் வீடுகள் இங்கு ஏராளம்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஆங்கிலம் குறைவாகவே தெரிந்த ஒருவர் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்போல் தோன்றக்கூடும். ஆங்கிலத்தில் வேலை பார்த்து, வீட்டில் தமிழ் பேசியவரின் தமிழ்ப் பாதிப்பு கண்ணில் படாமலும் போகலாம்.

பல மொழி பேசுவோருக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்பது பழைய விவாதம். முதலில் கற்றது தாங்கும் என்ற கருத்துக்கு 1881ல் தேயோடூல் ரிபோ அடித்தளமிட்டார். நோய்க்கு முன் அதிகம் புழங்கியதே முதலில் திரும்பும் என்றார் ஆல்பர்ட் பித்ர், 1895ல். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. இரண்டும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. மொழிகள் ஏறக்குறைய சேர்ந்தே மீள்வதுதான் பலரிடம் காணப்படுகிறது. எனவே ஒவ்வொருவரையும் அவர் பேசிய ஒவ்வொரு மொழியிலும் பார்க்க வேண்டியுள்ளது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அறிஞர் மிஷெல் பாராடி உருவாக்கிய இருமொழி அஃபேசியா சோதனை அந்த அடிப்படையில் அமைந்தது. முதலில் மொழி வரலாறு கேட்கப்படும்; பிறகு ஒவ்வொரு மொழியும் தனியே சோதிக்கப்படும்; கடைசியில் மொழிபெயர்ப்புத் திறன் பார்க்கப்படும்.

ஆங்கிலச் சோதனையை அப்படியே தமிழாக்குவது தீர்வாகாது. பாஸ்டன் சோதனையில் பீவர் என்ற வட அமெரிக்க விலங்கும் பிரெட்சல் என்ற முறுக்கிய ரொட்டியும் வருகின்றன. அவற்றைப் பார்த்தே இராத பாட்டி மௌனமாக இருந்தால், அந்த மௌனம் மூளையைப் பற்றி எதையும் சொல்லாது. மொழி மாறும்போது சொல்லின் நீளமும் புழக்கமும் மாறுவதால், எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையும் குலைந்துவிடும்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல், எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள இடைவெளி. ‘நாற்காலி’ படத்துக்கு ‘நாக்காலி’ என்பது முழுச் சரியான பதில். ‘மின்விசிறி’யை எதிர்பார்க்கும் இடத்தில் ‘காத்தாடி’யும் ‘ஃபேன்’ என்பதும் ஏற்கத்தக்கவை. கோப்பி, பசார், லோரி ஆகியவை இவ்வட்டாரத் தமிழரின் அன்றாடச் சொற்கள். அவற்றைப் பிறமொழிக் கலப்பு என்று தவறாக எண்ணக்கூடாது. தமிழ்ப் பள்ளிக்கே போகாதவரிடம் ‘க’ எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்பதும் நியாயமாகாது.

ஒருவர் தமிழில் தேடிய சொல்லை ஆங்கிலத்தில் சொன்னால் அதைத் தவறு என்று தள்ளாமல் தனியே குறித்துக்கொள்வது நல்லது. அவர் நோய்க்கு முன்பும் அப்படிக் கலந்து பேசியவரா என்று குடும்பம்தான் சொல்ல முடியும்.

மொழிபெயர்க்கும் உறவினர் கவனிக்க வேண்டியது

நிபுணருக்குத் தமிழ் தெரியாதபோது குடும்பத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பது வழக்கம். அன்பு மிகுதியால் அங்கே ஒரு தவறு நேர்கிறது. “அந்த… குடிக்க… சுடச்சுட… அது” என்று தாத்தா தடுமாறுவதை, “கோப்பி வேண்டும் என்கிறார்” என்று மகள் மாற்றிச் சொல்லிவிடுகிறார். நிபுணருக்குத் தேவையான தடயம் அந்தத் தடுமாற்றத்தில்தான் இருந்தது. சொன்னதைச் சொன்னபடியே, தவறுகளோடும் இடைவெளிகளோடும் சொல்ல வேண்டும். வாயசைத்து எடுத்துக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். முடிந்தால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.

மருத்துவமனைச் சந்திப்புக்கு முன் குடும்பத்தார் குறித்து வைத்துக்கொள்ளக்கூடியவை:

• எந்த மொழியை எந்த வயதில் கற்றார். வீட்டில், வேலையிடத்தில், கோயிலில், நண்பர்களுடன் எதைப் பேசினார்
• எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியும், எதுவரை படித்தார்
• நோய்க்கு முன் நிறையப் பேசுபவரா, அமைதியானவரா
• சொல் வராதபோது என்ன செய்கிறார்: சுற்றி விளக்குகிறாரா, வேறு சொல் சொல்கிறாரா, சைகை காட்டுகிறாரா, மௌனமாகிறாரா
• தவறு நேர்ந்ததை அவரே உணர்கிறாரா
• முதல் ஒலியை எடுத்துக் கொடுத்தால் சொல்கிறாரா
• காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் பேசுகிறாரா
• அவருக்கு முக்கியமான 20 சொற்கள்: பேரப்பிள்ளைகளின் பெயர்கள், பிடித்த உணவு, போகும் இடங்கள்

சிகிச்சையை எந்தச் சொற்களில் தொடங்குவது என்பதற்குக் கடைசிக் குறிப்பு மிகவும் பயன்படும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

காத்திருப்பதே முதல் உதவி. பத்து வினாடி மௌனம் கேட்பவருக்கு நீண்டதாகத் தோன்றும்; தேடுபவருக்கு அது தேவை. அதன்பிறகும் வராவிட்டால், “சாப்பிடுறதா? வீட்டுல இருக்கிறதா?” என்று ‘ஆமாம், இல்லை’ பதில் வரும்படி கேட்கலாம். இரண்டு தேர்வுகளைச் சொல்லலாம். கைப்பேசியில் படங்களைக் காட்டலாம். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கலாம்.

விருந்தினர் முன்னிலையில், “இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்” என்று பிள்ளைகளிடம் கேட்பதுபோல் பெரியவரைச் சோதிக்க வேண்டாம். சொல் புரிந்துவிட்டபின், அதைச் சரியாக உச்சரிக்கும்வரை கோப்பியைத் தராமல் வைத்திருப்பதும் வேண்டாம்.

சொல்லைச் சுற்றியுள்ள பொருளை வலுப்படுத்தும் சிகிச்சைமுறை ஒன்று உண்டு. அது எந்த வகை, எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும், எப்படி இருக்கும், எதை நினைவூட்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். சொல் வந்தால் நல்லது. வராவிட்டாலும், இப்படிச் சுற்றி விளக்கும் பழக்கம் கேட்பவருக்குப் புரியவைக்க உதவுகிறது.

பக்கவாதத்துக்குப் பிந்திய முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன்பிறகு வேகம் குறைந்தாலும், பல ஆண்டுகள் கழித்தும் பயிற்சியால் முன்னேறுவோர் உண்டு. 57 சோதனைகளை அலசி 2016ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பேச்சு, மொழி சிகிச்சை அன்றாடத் தொடர்பை மேம்படுத்துவதற்குச் சான்று இருப்பதாகக் கூறியது.

சிங்கப்பூரில் அஃபேசியா உள்ளோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அஃபேசியா எஸ்ஜி அமைப்பு ‘சிட் சேட் கஃபே’ சந்திப்புகளை நடத்திவருகிறது. அவசரமின்றிப் பேசிப் பழக அது ஓர் இடம்.

முடிவெடுக்கும் உரிமை

சொல் வரவில்லை என்பதால் ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று ஆகிவிடாது. எளிய மொழி, படங்கள் போன்றவற்றின் துணையோடு விளக்கினால் ஒருவருக்கு விஷயம் புரியுமானால், அவரைப் புரிந்துகொள்ள இயலாதவர் என்று கருதக்கூடாது என்கிறது சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம். வீட்டை விற்பது, அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பது, தாதிமை இல்லத்துக்குச் செல்வது போன்றவற்றில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். மொழி மதிப்பீட்டு அறிக்கை அந்நேரத்தில் கைகொடுக்கும்: அவருக்கு எப்படிச் சொன்னால் புரியும், அவர் எப்படிப் பதில் காட்டுவார் என்பது அதில் இருக்கும்.

எப்போது உடனே செயல்பட வேண்டும்?

திடீரென்று சொல் வராமல் போவது, பேச்சு குழறுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும், மலேசியாவில் 999. சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சொற்கள் குறைந்துவந்தால் காரணம் வேறாக இருக்கலாம். பக்கவாதமின்றி மொழித்திறன் மட்டும் முதலில் தேயும் நிலையை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் 1982ல் விவரித்தார். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அஃபேசியா இருப்பதாக 2022ல் அறிவித்த அவருடைய குடும்பம், மறு ஆண்டு அது மூளையின் முன்பகுதியையும் பக்கப் பகுதியையும் தாக்கும் மறதிநோய் என்று தெரிவித்தது. எனவே மெதுவாக வரும் சொல் தேடல் சிரமத்தையும் ‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கையை மேலே காட்டும் தாத்தாவிடம் வீட்டார் இனிக் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. “சுத்துறதா தாத்தா? காத்து வருமா? கா…?” சொல் வந்தாலும் வராவிட்டாலும், அவர் தலையசைப்பதற்குக் காத்திருந்து காத்தாடியைப் போடலாம்.